ஒல்லாந்தர் கோட்டையும் எமது முகத்துவாரமும்

மாரி வருமுன் ஊரவர்களோடு பகிர்ந்துகொள்ள ஒரு வரலாறு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

புளியந்தீவுக் கோட்டையை நாம் ஒல்லாந்தர் கோட்டை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1628 இல் அதைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். இரண்டாம் இராஜசிங்க மன்னனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் 1638 மே மாதம் அதைக் கைப்பற்றினார்கள். கோட்டை, கறுவா, வியாபாரம் என்று பாடம் அத்தோடு முடிந்துவிடும். அந்த நாட்டவர் தமது சொந்த மண்ணில் தண்ணீரோடு எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பது வேறு கதை. வாவிக்கரையில் வாழும் எமக்கு அந்தக் கதைதான் கூடுதலாகத் தேவை.

நெதர்லாந்தின் நிலத்தில் ஏறத்தாழ காற்பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அணைக்கட்டு உடைந்தால் எல்லோருக்கும்தான் ஆபத்து. அதனால் 13ஆம் நூற்றாண்டிலேயே அங்கே நீர்ச்சபைகள் உருவாகிவிட்டன. கட்டைப் பராமரிக்கும் செலவையும் வேலையையும் அந்தந்தப் பகுதியார் பங்குபோட்டார்கள். இன்றும் 21 நீர்ச்சபைகள் இயங்குகின்றன. அவற்றுக்கெனத் தனியாக வரியும் தேர்தலும் உண்டு.

ஆனாலும் அவர்கள் செய்ததெல்லாம் சரியாக அமையவில்லை. 1932 இல் சௌடர்சே என்ற உட்கடலின் வாயை 32 கிலோமீற்றர் நீள அணையால் மூடினார்கள். வெள்ளப் பயம் குறைந்தது, புது நிலமும் கிடைத்தது. ஆனால் உப்புநீர் நன்னீராக மாறியதும் அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்த நெத்தலி, ஹெரிங் மீன்பிடி அழிந்துபோனது.

1953 பெப்ரவரி முதலாம் திகதி கடல் பொங்கி அந்த நாட்டில் 1,836 பேர் இறந்தார்கள். இனித் தென்மேற்கிலுள்ள கழிமுகங்களையும் அடைத்துவிடுவோம் என்று அரசு தீர்மானித்தது. கிழக்கு ஸ்கெல்ட் கழிமுகத்தின் முறை வந்தபோது, மட்டியும் சிப்பியும் எடுத்துப் பிழைத்தவர்கள் எதிர்த்து எழுந்தார்கள். சௌடர்சேக்கு நடந்தது அவர்களுக்குத் தெரியும். சூழலியலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். அரசு திட்டத்தை மாற்றியது. செலவு கூடினாலும் 62 இரும்புக் கதவுகள் கொண்ட தடுப்பைக் கட்டி 1986 இல் திறந்தார்கள். சாதாரண நாளில் கதவுகள் திறந்திருக்கும், கடல்நீர் போய்வரும். புயல் வந்தால் மட்டும் மூடுவார்கள். உயிருக்கும் பாதுகாப்பு, தொழிலுக்கும் பாதுகாப்பு.

1993இலும் 1995இலும் ஆறுகள் பெருகின. 1995 இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேரை இடம்பெயர்க்க வேண்டி வந்தது. அதன்பின், கட்டை உயர்த்திக்கொண்டே போவது மட்டும் போதாது என்று உணர்ந்து, பல இடங்களில் கட்டைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டார்கள்.

இனி எமது வாவிக்கு வருவோம். மட்டக்களப்பு என்ற பெயரிலேயே களப்பு இருக்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி பாலமீன்மடுவிலும், தெற்கே கல்லாற்றுப் பக்கமும் கடலைச் சேர்கிறது. வெயில் காலத்தில் மணல் சேர்ந்து வாய் அடைபடும். மாரியில் நீர் ஏறும். வெள்ளாமை தாழ்ந்துவிடும், ஆற்றுவாயை உடனே வெட்டுங்கள் என்பார் வயற்காரர். அவசரப்பட்டு வெட்டினால் நீரோடு மீனும் போய்விடும் என்று அஞ்சுவார் தோணிக்காரர். அதேவேளை வாய் ஒரேயடியாக அடைபட்டாலும் அவருக்கு நட்டம்தான். கடலில் பிறக்கும் இறால் குஞ்சு அந்த வாயால் உள்ளே வந்துதான் வளர்கிறது. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட எவரும் இதைச் சின்ன விடயம் என்று சொல்லமாட்டார்.

நீர்ச்சபை போன்ற ஒன்று எமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் வைக்கிறோம். எப்போது விதைப்பது, எப்போது தண்ணீர் திறப்பது என்று விவசாயிகளும் அதிகாரிகளும் இருந்து பேசி முடிவெடுக்கிறார்கள். அதை நடைமுறைப்படுத்த வட்டைவிதானை இருக்கிறார். முகத்துவாரப் பேச்சு மட்டும் பெரும்பாலும் நீர் வயலுக்குள் வந்த பிறகுதான் சூடுபிடிக்கிறது. அந்த நேரத்தில் சத்தம் கூடியவர் வெல்வார், மற்றவர் மனக்கசப்போடு வீடு திரும்புவார். வயற்காரர் ஒரு சமூகம், தோணிக்காரர் இன்னொரு சமூகம் என்றாகிவிட்டால் அந்தக் கசப்பு எங்கே போய் முடியும் என்பதை எமது மாவட்டத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே மாரிக்கு முன்னரே வயற்காரர், வாவி மீனவர், கடல் மீனவர், தாழ்ந்த பகுதிகளில் குடியிருப்போர் எல்லோரும் ஒரே கூட்டத்தில் இருக்கவேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே இருக்கவேண்டும். எந்த மட்டத்துக்கு நீர் ஏறினால் வெட்டுவது என்று ஓர் அளவை முன்கூட்டியே பேசி முடிக்கவேண்டும். குப்பையும் மண்ணும் கொட்டி வாவிக்கரையை நிரப்புவதையும் அதே கூட்டத்தில் பேசலாம். கரையில் நிரப்பிய இடத்துக்குப் போகவேண்டிய வெள்ளம் யாரோ ஒருவரின் வீட்டுக்குள்தான் போகும்.

மீனவர் சங்கத்திலும் விவசாய அமைப்பிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருப்பவர்கள் இதை வாசித்தால், அடுத்த கூட்டத்தில் ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். முதல் மழை விழுமுன் பேசுங்கள்.