இடுப்பில் நிற்காத ஸ்கர்ட்

நான் முதன்முதலில் பின்னிய கம்பளி ஸ்கர்ட் இடுப்பில் நிற்கவில்லை. புத்தகத்தில் 176 கண்ணி போடச் சொல்லியிருந்தது. ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. எண்ணி எண்ணி 176 போட்டேன். இரண்டு மாதம் பின்னி முடித்துப் போட்டுப் பார்த்தால், வழுக்கிக் கீழே விழுந்தது. கண்ணாடி முன் நின்று என் உடம்பைத்தான் குறை சொன்னேன். தப்பு வேறு இடத்தில் இருந்தது என்பது பின்னலின் வரலாற்றை வாசித்த பிறகுதான் புரிந்தது.

லண்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், 18ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் கையால் பின்னிய கம்பளிப் பாவாடை ஒன்று இருக்கிறது. பறவைகளும் விலங்குகளும் நிறைந்த அதன் சுற்றளவு ஏறக்குறைய 3 மீட்டர். அவ்வளவு அகலமான பாவாடையை இடுப்பில் சுருக்கித்தான் உடுத்த முடியும். அம்மம்மா பாவாடைக்கு நாடா கோர்த்து இறுக்குவாரே, அது மாதிரி. சுருக்கிக் கட்டும் உடை ஒல்லியானவருக்கும் பொருந்தும், பருத்தவருக்கும் பொருந்தும்.

19ஆம் நூற்றாண்டில் பின்னல் புத்தகங்கள் அச்சில் பரவின. எடின்பரோவில் ஜேன் கோகெய்ன் 1840இல் வெளியிட்ட புத்தகம் அவற்றில் பேர்பெற்றது. அந்தக் காலப் புத்தகங்கள் பெரும்பாலும் எத்தனை கண்ணி போட வேண்டும் என்று சொல்லும். அந்தக் கண்ணிகள் எத்தனை அங்குலம் வர வேண்டும் என்று சொல்வது குறைவு. சால்வைக்கு அது பரவாயில்லை. ஆனால் 1930களில் உடம்போடு ஒட்டி நிற்கும் பின்னல் உடைகள் நாகரிகமானபோது, அளவு பிசகினால் உடனே தெரிந்தது.

இந்தச் சிக்கலை எளிமையாக்கியவர்களில் ஒருவர் எலிசபெத் சிம்மர்மன். 1910இல் இங்கிலாந்தில் பிறந்து, பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழ்ந்தவர். 1971இல் வெளிவந்த அவருடைய ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ புத்தகம் இன்றும் வாசிக்கப்படுகிறது. அவர் வழி இதுதான்: முதலில் ஒரு சிறு துண்டு பின்னி, உங்கள் கையில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று பாருங்கள். அதை ஸ்வெட்டரின் சுற்றளவால் பெருக்குங்கள். வரும் எண்ணை 100 சதவீதம் என்று வையுங்கள். மணிக்கட்டுக்கு அதில் 20 சதவீதம், கழுத்துக்கு 40 சதவீதம் என்று மற்றவை தாமாக வரும். வேறு யாரோ ஒருவரின் உடம்புக்குப் போட்ட எண் இனித் தேவையில்லை.

அவர் சொன்னது ஸ்வெட்டருக்கு. ஆனால் அந்தப் பெருக்கல் ஸ்கர்ட்டுக்கும் உதவும். என் புத்தகம் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று கணக்கிட்டிருந்தது. அப்படியானால் 176 கண்ணி 80 சென்டிமீட்டர். நான் தளர்வாகப் பின்னுகிறவள். என் கையில் 19 கண்ணிதான் வந்தது. அதே 176, ஏறக்குறைய 93 சென்டிமீட்டர் ஆகிவிட்டது! விழாமல் என்ன செய்யும்?

இரண்டாவது முறை என் கணக்கையே போட்டேன். கொஞ்சம் மெல்லிய ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, 28 வரிசை வந்தது. இடுப்பு 74 சென்டிமீட்டர், அதனால் 148 கண்ணி. அதற்குக் கீழே அகன்ற இடம் 96, அதனால் 192 கண்ணி. கூட்ட வேண்டியது 44. இரண்டுக்கும் நடுவே 20 சென்டிமீட்டர், அதாவது 56 வரிசை. ஒரு தடவைக்கு 4 கண்ணி கூட்டினால் 11 தடவை. 5 வரிசைக்கு ஒரு தடவை கூட்டினால் சரியாக வந்துவிடும். கம்பளி தன் பாரத்தில் தொங்கி நீளும் என்பதால், துண்டை நனைத்துக் காயவைத்து, கொஞ்ச நேரம் தொங்கவிட்ட பிறகே அளந்தேன். மேலே எலாஸ்டிக்கும் கோர்த்தேன்.

அந்த ஸ்கர்ட் இடுப்பில் நின்றது. என் உடம்பு மாறவில்லை, எண்தான் மாறியது. கடையில் வாங்கும் உடுப்பு பொருந்தாதபோதும் இப்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. அதுவும் வேறு யாரோ ஒருவரின் அளவில் தைத்ததுதானே? நீங்கள் பின்னத் தொடங்கும்போது முதலில் அந்தச் சின்னத் துண்டைப் பின்னுங்கள். ஒரு மணி நேரம் போகும். இரண்டு மாதம் மிஞ்சும்.