கச்சானும் கண்ணாடித் தட்டும்

எங்கட பக்கத்தில் கச்சான் இல்லாத திருவிழா இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனவர்கள் கச்சான் பை இல்லாமல் திரும்பி வந்தால் வீட்டில் கேள்வி வரும். கொறிக்கேக்க இடைக்கிடை ஒரு சூத்தைக் கொட்டை வாய்க்குள் போகும். துப்பிப்போட்டு அடுத்ததை உடைப்போம். அந்தக் கொட்டையில் என்ன இருக்கக்கூடும் என்பதை உலகம் அறிந்துகொண்டது 1960களின் தொடக்கத்தில்தான். அதை அறிய உதவியது ஒரு கண்ணாடித் தட்டு, அதில் பூசிய வெள்ளை மாப்படலம், கொஞ்சம் கரைப்பான். இந்தக் கட்டுரை அந்தத் தட்டின் கதை.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்தன. ஈரல் பழுதாகியிருந்தது. ஆனால் கிருமி எதுவும் பிடிபடவில்லை. காரணம் தெரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே பேர் வைத்தார்கள். தேடிப் போனதில், பிரேசிலில் இருந்து வந்த கச்சான் புண்ணாக்கு கலந்த தீவனத்தில் போய் நின்றது. புண்ணாக்கில் அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ் என்ற பூஞ்சணம் வளர்ந்திருந்தது. குஞ்சுகளைக் கொன்றது அந்தப் பூஞ்சணம் சுரந்த நஞ்சு.

ஒரு மூட்டைப் புண்ணாக்கில் நஞ்சு இருக்கா இல்லையா எண்டு எப்படிச் சொல்வது? முதலில் இருந்த வழி வாத்துக் குஞ்சுதான். பொரித்து ஒரு நாளான குஞ்சுகளுக்குச் சாற்றைக் கொடுத்துவிட்டு, நாட்கணக்கில் காத்திருந்து, ஈரலை வெட்டிப் பார்க்க வேண்டும். இதற்குள் கப்பலில் வந்த தீவனம் பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு தடயம் மட்டும் கையில் இருந்தது. நஞ்சுள்ள சாறு கழியூதா ஒளியில் நீலமாக மின்னியது. காகிதத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது அது ஒரே பொட்டாகத் தெரிந்தது. அதே சாற்றை மென்படலத் தட்டில் ஓடவிட்டபோது பொட்டு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று நீலம், மற்றது பச்சை. பூஞ்சணத்தின் பெயரில் இருந்து நஞ்சுக்கு அஃப்ளாடொக்சின் என்று பேர் வந்தது. ஆங்கிலத்தில் நீலத்துக்கு முதல் எழுத்து பி, பச்சைக்கு ஜி. அதனால் அவை பி, ஜி என்றாயின. இன்னும் கவனமாகப் பிரித்தபோது ஒவ்வொன்றும் இரண்டானது: பி1, பி2, ஜி1, ஜி2. எழுத்து மின்னிய நிறத்தால் வந்தது. எண் தட்டில் ஏறிய உயரத்தால் வந்தது. உலகம் முழுவதும் இன்றும் இந்தப் பேர்தான். ஒரு தட்டில் கண்ட காட்சி அப்படியே ஒரு நஞ்சின் பெயராக நிலைத்துவிட்டது.

சரி, காகிதத்தில் ஒன்றாய்த் தெரிந்தது தட்டில் ஏன் பிரிந்தது?

ஒரு சின்னச் சோதனையில் இருந்து தொடங்குவோம். வடிதாளின் அடியில் தண்ணீரில் கரையும் கறுப்பு மைப் பேனையால் பொட்டு வைத்து, பொட்டு நனையாமல் நுனியை மட்டும் தண்ணீரில் நிறுத்துங்கோ. தண்ணீர் ஏற ஏற மை பல நிறங்களாகப் பிரியும். அழியாத மார்க்கர் மையால் வைத்தால் பொட்டு அசையாது. தண்ணீருக்குப் பதில் ஸ்பிரிட் ஊற்றினால்தான் அது நகரும். காகிதம் அதேதான், கரைப்பான்தான் மாறியது.

தட்டிலும் நடப்பது இந்த இழுபறிதான். சிலிக்கா ஜெல்லின் மேற்பரப்பு முழுக்க ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த சிறு கூட்டங்கள் நிறைந்திருக்கும். முனைவுத்தன்மை கூடிய மூலக்கூறுகளை அவை இறுக்கிப் பிடிக்கும், குறைந்தவற்றை லேசாக விட்டுவிடும். மேலே ஏறும் கரைப்பானோ மூலக்கூறுகளைக் கரைத்துத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் பார்க்கும். அதோடு நிற்காமல், மேற்பரப்பில் உள்ள பிடிமானங்களில் தானே போய் இருந்து அவற்றை விரட்டவும் செய்யும். பொட்டு ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் பிரித்து வரும் எண்ணை ஆர்.எப். பெறுமானம் என்பார்கள். 0 எண்டால் பொட்டு அசையவே இல்லை, 1 எண்டால் கரைப்பானோடு கூடவே ஓடிவிட்டது.

ஜி வகையில் பி வகையைவிட ஒட்சிசன் கூட. ஆகவே சிலிக்கா அதை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், அது கீழே நிற்கும், பி மேலே ஏறும். குளோரோபோமில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மெதனோல் கலந்தால் நான்கும் வரிசையாகப் பிரியும். மெதனோலை அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் எல்லாம் சேர்ந்து உச்சிக்கு ஓடிவிடும். கரைப்பான் பலம் குறைந்தாலோ எல்லாம் அடியிலேயே கிடக்கும். சமையலில் உப்புப் போடுவது மாதிரி, இதிலும் அளவுதான் எல்லாம்.

இந்தத் தட்டு வான்கோழிகளுக்காகப் பிறந்ததல்ல. மிகையில் ஸ்வெட் என்ற தாவரவியலாளர் 1903இல் வார்சோவில், இலைகளின் நிறப்பொருட்களைத் தூள்கள் நிரப்பிய குழாய் வழியாக ஓடவிட்டுப் பிரித்த முறையை விளக்கினார். எந்தத் தூள் எதை எவ்வளவு பிடிக்கும் எண்டு பார்க்க நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்களைச் சோதித்திருந்தார். 1906இல் அந்த முறைக்கு குரோமட்டோகிராபி, அதாவது நிறத்தால் எழுதுதல், என்று பேர் வைத்தார். ரஷ்ய மொழியில் 'ஸ்வெட்' என்றாலே நிறம்தான். அவர் 1919இல் இறந்தார். முறை பெரிதாகக் கவனிக்கப்பட்டது 1930களில்தான்.

குழாயில் ஓடவிட நேரம் பிடிக்கும். 1938இல் உக்ரேனின் கார்கிவில் இஸ்மாயிலோவ், ஷ்ரைபர் என்ற இருவர் கண்ணாடியில் அலுமினாவை மெல்லிதாகப் பரப்பி, மூலிகைச் சாற்றில் ஒரு துளி விட்டு, மேலே கரைப்பானைச் சொட்டினார்கள். வளையம் வளையமாகப் பிரிந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிர்ச்னர் குழுவினர் தோடம்பழ வகைகளின் வாசனைப் பொருட்களை ஆராய, பசை கலந்து பூசிய கண்ணாடிப் பட்டிகளைப் பயன்படுத்தினார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் தங்கட கைப்பக்குவத்தில் பூசியதால், ஒருவர் கண்டதை இன்னொருவர் திரும்பக் காண்பது கஷ்டமாக இருந்தது.

அதைத் தீர்த்தவர் ஜெர்மனியின் எகோன் ஸ்டால். துணிக்கையின் பருமன், ஜிப்சம் கலந்த சிலிக்கா, பூசும் கருவி எல்லாவற்றையும் 1950களின் பிற்பகுதியில் ஒரு தரத்துக்குக் கொண்டு வந்தார். 1958இல் இருந்து கடையில் வாங்கக்கூடிய பொருளாகவே அது வந்துவிட்டது. இரண்டு வருசம் கழித்து வான்கோழிகள் சாகத் தொடங்கின. தட்டு தயாராக இருந்தது. வாத்துக் குஞ்சு நாட்கணக்கில் சொன்ன பதிலைத் தட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் சொன்னது.

தட்டு வைத்து வேலை செய்தவர்களின் சூட்சுமங்கள் சிலவும் இருக்கு. கச்சான் எண்ணெய்ப் பண்டம். அந்த எண்ணெய் பொட்டுகளை மறைக்கும். அதனால் முதலில் ஈதரில் ஓடவிடுவார்கள். கொழுப்பு மேலே போய்விடும், நஞ்சு அடியிலேயே நிற்கும். பிறகு தட்டை உலர்த்தி, பலமான கரைப்பானில் விட்டு நஞ்சைப் பிரிப்பார்கள். இன்னொன்று ஈரப்பதன். காற்றில் உள்ள நீராவி சிலிக்காவின் பிடிமானங்களில் போய் இருந்துகொள்ளும். அதனால் பொட்டுகள் வழமையைவிட மேலே ஏறும். ஓடவிட முதல் தட்டை 105 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்குவது அதுக்குத்தான். மார்கழி மழைக்குள் வன்னியில் இதைச் செய்யிறவருக்கு இது சின்ன விசயம் இல்லை. சிலிக்காவில் கொழுப்புப் போன்ற நீண்ட காபன் சங்கிலிகளை ஒட்டி, கரைப்பானாகத் தண்ணீர் கலவையை எடுத்தால் வரிசையே தலைகீழாகும். ஜி2 முதலில் ஓடும், பி1 கடைசியில் நிற்கும். மூலக்கூறு அதேதான். அது எங்கே நிற்கும் என்பது அதன் குணத்தில் மட்டும் இல்லை, மேற்பரப்பிலும் கரைப்பானிலும் இருக்கு.

இப்படி ஒரு கருவி கையில் வந்த பிறகும் என்ன நடந்தது? 1974இன் பிற்பகுதியில் இந்தியாவில் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளத்தைச் சாப்பிட்ட ஏழைப் பழங்குடி மக்களுக்கு மஞ்சள் காமாலை கண்டது, வயிறு வீங்கியது. பதிவான 397 நோயாளிகளில் 106 பேர் இறந்தார்கள். அவர்களோடு அதே சாப்பாட்டைத் தின்ற நாய்களும் செத்தன. ஹைதராபாத் தேசிய போசணை நிறுவகத்தினர் அந்தச் சோளத்தில் கண்ட அளவு, கச்சானுக்கு இன்று சர்வதேச உணவு நியமம் வைத்திருக்கும் எல்லையான கிலோவுக்கு 15 மைக்ரோகிராமைப் போல 400 மடங்குக்கும் மேல். வான்கோழி செத்துப் பதின்மூன்று பதினான்கு வருசம் ஆகியிருந்தது. அறிவு இருந்தது. ஆனால் தட்டு அந்தக் கிராமங்களுக்கு வந்து சேரவில்லை. வேறு சாப்பாடு வாங்கக் காசும் அவர்களிடம் இல்லை.

இலங்கையில் இந்தப் பேர் பெரிதாக அடிபட்டது 2021 மார்ச்சில். இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடொக்சின் கண்டுபிடிக்கப்பட்டு, அதைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். துறைமுகத்தில் பிடிபட்டதால் செய்தியானது. வீட்டு மூலையில் ஈரமாய்க் கட்டி வைத்த கச்சான் மூட்டை செய்தியில் வராது.

இந்த நஞ்சு ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பது குறைவு. கொஞ்சம் கொஞ்சமாக வருசக்கணக்கில் உடலுக்குள் போய் ஈரல் புற்றுநோய்க்கு வழி விடுவதுதான் அதன் வழமை. வறுத்தால் முழுக்கப் போகாது. பூஞ்சணப் புண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால், உருமாறிப் பாலிலும் வரும். அந்த வடிவத்துக்கு எம்1 என்று பேர்.

செய்யக்கூடியது இருக்கு. பிடுங்கிய கச்சானைத் தாமதிக்காமல் நன்றாகக் காயவிடுவது, நனையாமல் நிலத்துக்கு மேலே அடுக்குவது, உடைந்தது சுருங்கினது நிறம் மாறினதைப் பொறுக்கி எறிவது. நஞ்சு எல்லாக் கொட்டையிலும் சமமாகப் பரவி இருப்பதில்லை, ஒரு சில கொட்டைகளிலேயே குவிந்திருக்கும். அதனால் பொறுக்குவதே பெரிய பாதுகாப்பு. அம்மாமார் சுளகில் போட்டுப் புடைத்துப் பொறுக்கியதுக்கு இப்படியொரு வேதியியல் காரணமும் இருக்கு. ஆனால் பொறுக்கியதை மாட்டுக்கோ கோழிக்கோ போடக் கூடாது.

மற்றப் பாதி எங்கட கையில் மட்டும் இல்லை. மாங்குளத்தில் இருந்து ஏ9 வீதியால் வடக்கே போனால் அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கு. தெற்கே வவுனியாவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் கச்சான் போடும் ஒரு கமக்காரர், தன் மூட்டையில் இருந்து ஒரு பிடியைக் கொண்டுபோய்க் குறைந்த செலவில் சோதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. கண்ணாடித் தட்டும் கழியூதா விளக்கும் அறுபது வருசப் பழைய கருவிகள். விஞ்ஞானம் படிக்கிற நாங்கள் ஆர்.எப். பெறுமானத்தைப் பரீட்சைக்கு மட்டும் பாடமாக்காமல், இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்.