பரிசலும் மியூவானும்

"நியூட்டன் தப்பு, ஐன்ஸ்டைன் ரைட்டு"ன்னு ஒத்தை வரியில சார்பியலை முடிச்சு வைக்கிற கட்டுரைகள் நம்ம தமிழ்ல ஏகப்பட்டது உண்டு. இன்னொரு கோஷ்டி, "இதெல்லாம் நம்மாளுங்க அப்பவே சொல்லியாச்சு"ன்னு ஆரியபட்டரை இழுத்துட்டு வரும். எனக்கு ரெண்டு கோஷ்டியோடவும் ஒத்துவரலை. வரலாற்றை வரிசையா வச்சுப் பார்த்தா நடந்த கதை வேற. இயக்கத்தைப் பத்தின ஒரு ரொம்பப் பழைய எண்ணத்தை ஐன்ஸ்டைன் காப்பாத்தினார். அதுக்கு அவர் கொடுத்த விலைதான் நமக்குத் தலையைச் சுத்த வைக்குது.

ஆரியபட்டர்ல இருந்தே ஆரம்பிக்கலாம். கி.பி. 499-ல எழுதின ஆரியபட்டீயத்துல, கோளபாதம் பகுதியில ஒரு உவமை வருது. ஓடத்துல முன்னால போறவனுக்குக் கரையில நிக்கிறதெல்லாம் பின்னால போற மாதிரி தெரியுது. அதேபோலத்தான் அசையாத நட்சத்திரங்கள் மேற்கே போறதா நமக்குத் தெரியுது. அதாவது சுத்துறது வானம் இல்லை, பூமி. எங்க மேச்சேரிக்குப் பக்கத்துல மேட்டூர் அணையில பரிசல் ஏறினவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். (பரிசல் இன்னும் பொருத்தமான உவமை. அது தானும் சுத்தும், கரை மொத்தமும் நம்மளைச் சுத்தி வரும்!)

ஆனா சொந்த நாட்டு வானியலாளர்களே இதை ஒத்துக்கலை. வராகமிகிரர் கேட்ட கேள்வி: பூமி சுத்தினா, மேல பறந்து போன பருந்து தன் கூட்டுக்கு எப்படித் திரும்பி வரும்? அதுக்குள்ள கூடு எங்கேயோ போயிருக்குமே? 628-ல பிரம்மகுப்தர், உயரமான பொருளெல்லாம் ஏன் விழுந்து தொலைக்கலைன்னு கேட்டார். பின்னால வந்த உரைகாரங்க சிலர், ஆரியபட்டர் அப்படிச் சொல்லவே இல்லைன்னு அர்த்தத்தையே திருப்பி விட்டாங்க.

இவங்களை முட்டாள்னு ஒதுக்கிட முடியாது. பருந்துக் கேள்வி நியாயமான கேள்வி. கண்ணுக்கு எப்படித் தெரியும்கிறதைத்தான் ஓடத்து உவமை சொல்லுது. ஓடத்துக்குள்ளயே ஒரு கல்லைத் தூக்கிப் போட்டா எங்க விழும்னு அது சொல்லலை. அந்தப் பதிலுக்கு 1632 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. கலிலியோ தன் 'உரையாடல்' புத்தகத்துல நம்மளைக் கப்பலோட கீழ்த்தட்டு அறைக்குள்ள கூட்டிட்டுப் போறார். அங்க பட்டாம்பூச்சி பறக்குது, தொட்டியில மீன் நீந்துது, தொங்கவிட்ட பாத்திரத்துல இருந்து தண்ணி சொட்டுது. கப்பல் நின்னாலும், குலுங்காம ஒரே வேகத்துல ஓடினாலும் இதுல எதுலயும் ஒரு மாற்றமும் இருக்காது. ஏன்னா கப்பலோட வேகம் பட்டாம்பூச்சிக்கும் சேர்ந்தே இருக்கு. பருந்துக்கும் அப்படித்தான். ஆக, உள்ள உட்கார்ந்துக்கிட்டு 'நாம ஓடுறோமா, நிக்கிறோமா'ன்னு கண்டுபிடிக்க வழியே கிடையாது. நியூட்டனோட இயக்கவியல் இந்தக் கொள்கைக்கு அப்படியே கட்டுப்படும். (சுத்துறது வேற விஷயம். அதை உள்ள இருந்தே கண்டுபிடிச்சுடலாம். 1851-ல ஃபூக்கோ ஊசலை ஆட்டிக் காட்டினார்.)

சிக்கல் ஒளியில வந்துச்சு. 60 கி.மீ. வேகத்துல போற பஸ்ஸுக்குள்ள கண்டக்டர் 4 கி.மீ. வேகத்துல முன்னால நடந்தா, ரோட்டுல நிக்கிறவனுக்கு அவர் வேகம் 64. இதுல சந்தேகப்பட என்ன இருக்கு? ஆனா மேக்ஸ்வெல் 1860-கள்ல எழுதின சமன்பாடுகள் ஒளிக்கு ஒரே ஒரு வேகத்தைத்தான் தருது. யாரைப் பொறுத்து அந்த வேகம்? ஈதர்னு ஒண்ணு எங்கும் நிறைஞ்சிருக்கு, அதைப் பொறுத்துன்னாங்க. அப்படின்னா கப்பலுக்குள்ள உட்கார்ந்தே, ஒளியோட வேகத்தை அளந்து, 'ஓடுறோம்'னு கண்டுபிடிச்சுடலாமே! 1887-ல மைக்கல்சனும் மார்லியும் பூமிங்கிற கப்பல்ல அதைத்தான் தேடினாங்க. ஒண்ணும் அகப்படலை.

1905-ல ஐன்ஸ்டைன் முன்னால ரெண்டு வழி. கலிலியோவோட கப்பலைக் கைவிடணும், இல்லைன்னா எல்லாருக்கும் ஒரே கடிகாரம்கிற நம்பிக்கையைக் கைவிடணும். லோரன்ட்ஸும் புவான்கரேயும் சூத்திரங்களையெல்லாம் கிட்டத்தட்ட எழுதியே வச்சிருந்தாங்க, ஆனா ஈதரை விட மனசு வரலை. ஐன்ஸ்டைன் கப்பலை வச்சுக்கிட்டார், பொதுக் கடிகாரத்தைத் தூக்கிப் போட்டார். கண்டக்டர் கணக்கும் அதோட கொஞ்சம் மாறுது, ஆனா ரொம்பக் கொஞ்சம். 60 கி.மீ. வேகத்துல ஒரு மணி நேரம் பஸ்ஸுல போனா, உங்க வாட்ச் பின்தங்குற அளவு, ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்கு போட்டா அதுல அஞ்சாறு பங்கு. இதனாலதான் நியூட்டன் இன்னிக்கும் பொறியியல் கல்லூரி சிலபஸ்ல ராஜா.

அந்த 1905 கட்டுரையை ஆங்கிலத்துல கொண்டுவந்தது மேகநாத சாஹா. அவரும் சத்யேந்திரநாத் போஸும் சேர்ந்து மொழிபெயர்த்த ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி கட்டுரைகளை 1920-ல கல்கத்தா பல்கலைக்கழகம் புத்தகமாப் போட்டுச்சு. ரெண்டு பேருக்கும் அப்ப இருபதுகளோட நடுவயசு. (நான் அந்த வயசுல வேற யாரோ எழுதின கோடுல பிழை திருத்திக்கிட்டு இருந்தேன் :-( )

சரி, கடிகாரம் மெதுவாகுதுன்னு யாராவது பார்த்தாங்களா? 1938-ல ஹோமி பாபா 'நேச்சர்' இதழ்ல எழுதின ஒரு சின்னக் குறிப்புல இதுக்கு வழி சொன்னார். காஸ்மிக் கதிர்கள்ல ஒரு கனமான துகளை அப்பதான் கண்டுபிடிச்சிருந்தாங்க. இன்னிக்கு அதுக்குப் பேர் மியூவான். அது தானா அழியும்னா, வேகமா ஓடும்போது அதோட ஆயுள் நமக்கு நீண்டு தெரியணும்னார். 1941-ல ராஸ்ஸியும் ஹாலும் அமெரிக்காவுல கொலராடோ மலையிலயும் கீழ டென்வர்லயும் எண்ணிப் பார்த்தாங்க. நீளத்தான் செஞ்சுது.

இதை நம்ம ஊட்டிக்குக் கொண்டுவந்து கணக்குப் போடுங்க. மியூவான் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளி வேகத்துலயே ஓடினாலும் 660 மீட்டரோட சரி. ஆனா அது பிறக்கிறதோ சுமார் 15 கி.மீ. உயரத்துல, ஊட்டியோ 2,200 மீட்டர்ல. பழைய கணக்குப்படி நூறு கோடி மியூவான் கிளம்பினா நாலு வந்து சேர்றதே பெரிசு. நிஜத்துல, ஊட்டியில டாடா ஆராய்ச்சி நிறுவனத்தோட கிரேப்ஸ்-3 ஆய்வகம் 560 சதுர மீட்டருக்கு மியூவான் தொலைநோக்கி விரிச்சு வச்சு ராப்பகலா எண்ணிக்கிட்டே இருக்கு. அவ்வளவு தூரம் ஏன் போகணும், மேச்சேரியில உள்ளங்கையை நீட்டினா விநாடிக்கு ஒண்ணு விழும்.

மியூவானைக் கேட்டா வேற கதை சொல்லும். "நான் சும்மா நிக்கிறேன், என் கடிகாரம் சரியாத்தான் ஓடுது, ஊட்டி மலைதான் என்னைப் பார்த்துப் பாய்ஞ்சு வருது, நடுவுல இருக்கிற காத்து ரொம்ப மெல்லிசு"ங்கும். ரெண்டு கணக்கும் சரி. எத்தனை மியூவான் வந்து சேரும்னு கேட்டா ரெண்டும் ஒரே விடைதான் தருது.