திருநூல் ஏடுகளில் மாசிடோனிய மன்னன்

அலெக்சாண்டர் பெல்லாவில் பிறந்ததும், அரிஸ்டாட்டிலிடம் பயின்றதும், ஜீலம் கரையில் போரஸோடு பொருததும் பள்ளிப் பாடத்திலேயே எல்லோரும் படித்தவை. இக்கட்டுரை, விவிலியத்தில் அவன் பதித்த தடங்களை மட்டும் பின்தொடர்கிறது.

தானியேல் 8ஆம் அதிகாரத்தில் மேற்கிலிருந்து ஒரு வெள்ளாட்டுக் கிடாய் கால் தரையில் படாமல் பாய்ந்து வருகிறது. இரு கொம்புடைய செம்மறிக் கிடாயை முட்டி வீழ்த்துகிறது. வலிமையின் உச்சியில் அதன் பெருங்கொம்பு முறிய, அவ்விடத்தில் நான்கு கொம்புகள் முளைக்கின்றன. அந்தக் கிடாய் கிரேக்க அரசு என்று கபிரியேல் தூதரே விளக்கிவிடுவதால் உரையாசிரியர்களுக்கு வேலை குறைவு. அந்தப் பெருங்கொம்பான அலெக்சாண்டர் கி.மு. 334இல் ஆசியாவுக்குள் நுழைந்து, 331இல் கவுகமேலாவில் பாரசீக மன்னன் மூன்றாம் தாரியுவை முறியடித்தான். 323இல் பாபிலோனில் இறந்தபோது அவனுக்கு வயது 32.

மக்கபேயர் முதல் நூல் இவன் கதையோடுதான் தொடங்குகிறது. மரணப் படுக்கையில் தானே அரசைப் பங்கிட்டுக் கொடுத்தான் என்கிறது அந்நூல். உண்மையில் பங்கீடு தளபதிகள் இருபது ஆண்டுக்கு மேல் அடித்துக்கொண்டு கண்ட முடிவு.

வியப்பின் சிகரம் தீர் நகரம். அதன் கற்களும் மரங்களும் மண்ணும் நீரில் எறியப்படும் என்று எசேக்கியேல் 26ஆம் அதிகாரம் முன்னுரைத்தது. கி.மு. 332இல் தீவாயிருந்த தீரின் கோயிலில் பலியிட அனுமதி கேட்ட அலெக்சாண்டரைத் தீர் மக்கள் உள்ளே விடவில்லை. கரையிலிருந்த பழைய ஊரை இடித்து, அந்தக் கற்களையும் கட்டைகளையும் கடலில் கொட்டித் தீவுக்குப் பாதை போட்டான். தீரியர் எரிபொருள் நிரப்பிய கப்பலை ஏவி, பாதை முனையிலிருந்த அவனுடைய மரக் கோபுரங்களைக் கொளுத்தினர். அவன் பாதையை அகலப்படுத்திக் கட்டினான். சைப்ரசிலிருந்தும் சீதோனிலிருந்தும் கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஏழு மாதத்தில் நகரம் விழுந்தது. சுமார் 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதுகிறார். மாமன்னன் என்று போற்றும் நாவு இந்த எண்ணையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பாதையில் மணல் சேர்ந்து, தீவாயிருந்த தீர் இன்றும் நிலத்தோடு ஒட்டியே கிடக்கிறது.

எருசலேம் அருகே தலைமைக் குருவை அவன் வணங்கினான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியதைப் பக்தியோடு படிக்கலாம். அர்ரியன் அதைக் குறிப்பிடவில்லை. எனவே சான்றாக வைப்பதற்கில்லை.

அவன் வாளால் பிடித்தது சிதறியது. அவன் படைகளோடு பரவிய கிரேக்க மொழி நிலைத்தது. அவன் நிறுவிய அலெக்சாந்திரியாவில் எபிரேயத் திருநூல் கிரேக்கமாயிற்று. புதிய ஏற்பாடும் அம்மொழியிலேயே எழுந்தது. பவுல் மாசிடோனியாவுக்குக் கப்பலேறிய துரோவா, அலெக்சாண்டர் பெயர் தாங்கிய துறைமுகம். அவர் நற்செய்தி சொன்ன பிலிப்பி அவன் தந்தையின் பெயர் கொண்டது. தெசலோனிக்கா அவன் மாற்றாந்தாய் வயிற்றுத் தங்கையின் பெயர் கொண்டது. ஆசியாவை வெல்ல அவன் கடல் கடந்தான்; எதிர்த் திசையில், படையின்றிக் கடந்தார் திருத்தூதர்.

நம் பங்குகளில் விவிலிய வினாடி வினா நடத்தும் இளைஞர்கள் அடுத்த ஆண்டுப் பாடத்தில் மக்கபேயர் நூல்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இறையியல் பயில்வோர் கிரேக்கத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், மூலத்தில் ஒரு நற்செய்தியையாவது முழுதும் வாசித்துவிட வேண்டும்.