பெருங்காமநல்லூர் முதல் ரேஷன் கடை வரை: நம் கைரேகை யாருக்குச் சொந்தம்?

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, சேடப்பட்டி வட்டாரத்தில் இருக்கிறது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ஊரில் அவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. அந்தச் சண்டை நிலத்துக்காகவோ வரிக்காகவோ நடந்ததல்ல. ரேகை பதியச் சொன்னது அரசாங்கம், பதிய மாட்டோம் என்றது ஊர். அதற்காகத்தான் துப்பாக்கி வெடித்தது.

தனியுரிமை என்று பேச்சைத் தொடங்கினாலே நம் தோழர்கள் பலர், "அதெல்லாம் ஐடி கம்பெனிக்காரங்க பிரச்சினை, நமக்கு மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு மதுரை மண் நூறு வருடத்துக்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறது. வாடிப்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் இடையே வாழும் நாம் அந்தப் பதிலைப் படிக்காமல் விட்டுவிட்டோம்.

குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் வந்தது. 1911இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரு சாதியை மொத்தமாகக் குற்றவாளி என்று அரசு அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அந்தச் சாதியில் பிறந்தவர் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், ஊரை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஆண்கள் இரவில் கச்சேரியிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது என்பதையும் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். மதுரைப் பக்கம் கீழக்குயில்குடியில் தொடங்கி, பிறமலைக் கள்ளர் முழுவதையும் இந்தச் சட்டம் வளைத்தது. மக்கள் இதற்கு வைத்த பெயர் "ரேகைச் சட்டம்". சட்டத்தின் உயிர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே பிடித்திருந்தார்கள்.

அந்த மக்களுக்காக வாதாடியவர் வக்கீல் ஜார்ஜ் ஜோசப். கேரளத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்தவர். மக்கள் அவரை "ரோசாப்பூ துரை" என்று அழைத்தார்கள். வைக்கம் போராட்டத்திலும் அவர் நின்றார் என்பதை நாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் நம் வாசகர்களுக்கு ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். அதே உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் இருக்கின்றன. 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்குப் பத்து வருடம் தேர்தல் நடக்க விடவில்லை. 2006இல் உதயச்சந்திரன் கலெக்டராக இருந்தபோதுதான் நடந்தது. ரேகைச் சட்டத்தில் நசுங்கியவர்களின் வாரிசுகள் இன்னொருவரின் அரசியலமைப்பு உரிமையை நசுக்கினார்கள். அப்படியிருக்க, அவர்களுடைய வரலாற்றை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இரண்டு காரணங்கள். முதலாவது, அந்தச் சட்டம் ஒரு சாதியோடு நிற்கவில்லை. குறவர்களைப் பிடித்தது. தென்னாற்காட்டில் வேப்பூர் பறையர்களையும் பிடித்தது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். பிறப்பை வைத்து ஒருவரைச் சந்தேகிக்கலாம் என்பது சாதியின் விதி. வெள்ளைக்காரன் அதை எடுத்துச் சட்டமாக எழுதினான், ரேகை மையில் ஒட்டினான். சாதியை எதிர்ப்பவர் அந்தப் பதிவேட்டையும் எதிர்த்தே ஆக வேண்டும். பாதிக்கப்பட்டவர் நம்மை எப்படி நடத்தினார் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை நாம் தள்ளுபடி செய்யவில்லை.

சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947 ஜூனில் ரத்தானது. அதே 1947இல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" என்ற அறிக்கையில், குடிமக்களின் உடலையும் வீட்டையும் காகிதங்களையும் காரணமில்லாத சோதனையிலிருந்து காக்கும் ஓர் உரிமையைச் சேர்த்திருந்தார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் இத்தகைய பிரிவை எதிர்த்தார்கள். இறுதி வடிவத்தில் அது இடம்பெறவில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கதவில்லாத குடிசைகளில் வாழ்ந்தவர்களின் தலைவருக்கு, வீட்டுக்குள் யார் நுழையலாம் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரிந்திருந்தது.

விட்டுப்போன அந்த உரிமையை மீட்க எழுபது வருடம் ஆனது. 1962இல் கரக் சிங் வழக்கு. இரவில் போலீஸ் வந்து கதவைத் தட்டுவது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் தனியுரிமை அடிப்படை உரிமை அல்ல என்றும் சொல்லிவிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அதை மாற்றினார்கள். தனியுரிமை 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றார்கள். ஆதாரை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராகப் போராடும் பெஜவாடா வில்சனும் ஒருவர். இது மேட்டுக்குடிப் பிரச்சினை என்பவர்களுக்கு இந்த ஒரு பெயர் போதும்.

பழைய பதிவேடு மறையவில்லை, உருமாறியது. குற்றப்பரம்பரைச் சட்டம் போனதும் 1948இல் சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. பெருங்காமநல்லூர் சுடப்பட்ட அதே 1920இல் கைதிகள் அடையாளச் சட்டமும் வந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டு இன்னும் பெரிதாக ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ரேகையோடு கருவிழியும் சேர்ந்துவிட்டது. பதிவுகளை 75 வருடம் வைத்திருக்கலாம். சாதி மறுப்புத் திருமணத்துக்காகவோ பஞ்சமி நிலத்துக்காகவோ ஊர்வலம் போய்க் கைதாகும் நம் தம்பி, தங்கைகளின் உடல் அடையாளங்களும் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன.

அப்படியென்றால் எல்லாப் பட்டியலையும் கிழித்துப் போடலாமா? முடியாது. நாமே பட்டியல் சாதியினர். சாதிச் சான்றிதழ் இல்லாமல் கல்வி உதவித்தொகை இல்லை, இட ஒதுக்கீடு இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் நிற்காது. சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று கேட்பவர்களும் நாம்தான். அந்தப் பட்டியல் நாம் அரசிடம் கணக்குக் கேட்பதற்கானது. ரேகைப் பதிவேடு அரசு நம்மிடம் கணக்குக் கேட்பதற்கானது. ஒரே தகவல்தான். யார் கையில் இருக்கிறது, எதற்காக, யார் அதைக் கேள்வி கேட்கலாம் என்பதில்தான் வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள இரண்டு சமீபத்திய உதாரணங்கள். நாங்குநேரி மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில், வகுப்பு வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என்றது. உதவித்தொகைக்கு விவரம் தேவைதான். அது அலுவலகத்தில் இருக்கட்டும், வகுப்பில் நாற்பது பேர் முன்னால் வாசிக்கப்பட வேண்டியதில்லை. இன்னொன்று சிறை. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததை 2014இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தவறில்லை என்றது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது.

இப்போது ரேஷன் கடைக்கு வருவோம். கல் உடைத்தும் சாக்கடை அள்ளியும் ரேகை தேய்ந்த விரல்கள் நம் தெருக்களில்தான் அதிகம். இயந்திரம் ஏற்காவிட்டால் அந்தக் கிழவி திரும்பி நடக்க வேண்டியிருக்கிறது. ரேகை பொருந்தவில்லை என்பதற்காகப் பலனை மறுக்கக் கூடாது என்பதை 2018 ஆதார் தீர்ப்பு வலியுறுத்தியிருக்கிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செயலியில் புகைப்படம் எடுத்தால்தான் வருகை என்றாக்கினார்கள். நம்மிடம் இவ்வளவு வாங்குகிற அரசு, தன்னைப் பற்றிய தகவலைக் கொடுக்கிறதா? 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் அது சுருக்குகிறது. ஆதிதிராவிடர் வீடு யாருக்குப் போனது, வேலை செய்யாமல் யார் பெயரில் கூலி ஏறியது என்று கேட்டால், "தனிநபர் விவரம்" என்று சொல்லித் திருப்பி அனுப்ப வழி திறந்திருக்கிறது. நம்மைக் காக்க வாங்கிய உரிமையை அதிகாரி போர்த்திக்கொள்கிறார்.

ஆகவே தோழர்களே, சில பழக்கங்களை உருவாக்குவோம். யார் ரேகை கேட்டாலும், போட்டோ எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்போம்: எந்தச் சட்டப்படி? எதற்கு? வேறு யாருக்குப் போகும்? ரேஷன் மறுக்கப்பட்டால் அந்த இடத்திலேயே தேதி, கடை எண் குறித்து எழுத்தில் புகார் கொடுப்போம். கைதானால் என்னென்ன அளவுகள் எடுத்தார்கள் என்று வக்கீலிடம் சொல்லிப் பதிவு செய்வோம். நம் அமைப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் பாதிக்கப்பட்டவரின் சாதிச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, முகம் ஆகியவற்றை அவர் சம்மதம் இல்லாமல் பகிர்வதை நிறுத்துவோம். தகவல் மறுக்கப்பட்டால் 8(2) பிரிவின் பொதுநலனைக் காட்டி மேல்முறையீடு செய்வோம். ஏப்ரல் 3 வரும்போது பெருங்காமநல்லூருக்கு நாமும் போவோம். அங்கே பாப்பாபட்டியைப் பற்றியும் பேசுவோம்.

ஜெய்பீம்.