கப்பல் ஏறாமலே கடலடியை வரைந்த பெண்

கடலுக்கு அடியில் தரை எப்படி இருக்கும்? நூறு வருடங்களுக்கு முன்பு இப்படிக் கேட்டிருந்தால், "வேறென்ன, வண்டல் படிந்த வெறும் சமவெளிதான்" என்று பலரும் பதில் சொல்லியிருப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்று ஆழம் பார்க்க இருந்த ஒரே வழி, கயிற்றின் நுனியில் எடையைக் கட்டி இறக்குவது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டனின் 'சேலஞ்சர்' கப்பல் இப்படித்தான் அளந்தது. 1875 மார்ச்சில் மரியானா அகழிப் பகுதியில் சுமார் 8,184 மீட்டர் ஆழத்தைக் கண்டுபிடித்ததும் அந்தக் கப்பல்தான். ஆனால் ஆழமான இடத்தில் ஒரு முறை கயிற்றை இறக்கி ஏற்ற மணிக்கணக்கில் ஆகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் கிடைத்தனவே தவிர, படம் கிடைக்கவில்லை.

பிறகு வந்தது எதிரொலி முறை. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி தரையில் பட்டுத் திரும்ப 4 விநாடி ஆனால், போக 2, வர 2. அப்படியானால் ஆழம் 3,000 மீட்டர். அவ்வளவுதான் கணக்கு! 1925-27ல் ஜெர்மனியின் 'மீட்டியோர்' கப்பல் அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து இந்த முறையில் ஆயிரக்கணக்கான இடங்களை அளந்தது. கடலின் நடுவே ஒரு பெரிய மலைத்தொடர் ஓடுவது தெளிவானது.

இனிதான் கதையே ஆரம்பம். 1948ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார் மேரி தார்ப். புவியியலும் கணிதமும் படித்தவர். ஆனால் ஆய்வுக் கப்பலில் பெண்களுக்கு அன்று இடமில்லை. அதனால் புரூஸ் ஹீசன் கடலுக்குப் போய் அளவுகளைக் கொண்டுவருவார். தார்ப் மேசையில் உட்கார்ந்து பேனாவும் மையுமாக வரைவார்.

1952ல் அட்லாண்டிக்கின் ஆறு குறுக்குவெட்டுப் படங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மலைத்தொடரின் நடுவே ஆழமான ஒரு பள்ளத்தாக்கு நீளமாக ஓடுவது அவர் கண்ணில் பட்டது. அங்கே பூமியின் மேலோடு பிளந்து விலகுகிறது என்றல்லவா அர்த்தம்! அந்த நாளில் கண்டங்கள் நகர்கின்றன என்று அமெரிக்காவில் எந்த விஞ்ஞானியாவது சொன்னால் சிரிப்பார்கள். ஹீசனும் அதைப் 'பெண்கள் பேச்சு' என்று ஒதுக்கிவிட்டார்.

தார்ப் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. வரைந்துகொண்டே இருந்தார். அதே அறையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்பவர் கடலடி நிலநடுக்கங்கள் நடந்த இடங்களைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், புள்ளிகள் வரிசையாக அந்தப் பள்ளத்தாக்கின் மேலேயே விழுந்தன! ஹீசன் மனம் மாறினார்.

வட அட்லாண்டிக் வரைபடம் 1957ல் வெளியானது. துல்லியமான ஆழ அளவுகளை அமெரிக்கக் கடற்படை ரகசியமாக வைத்திருந்தது. அதனால் எண்கள் இல்லாமல், மேலிருந்து பார்ப்பதுபோல மலைகளாகவும் பள்ளங்களாகவும் தரையை வரைந்தார்கள். கட்டாயத்தால் வந்த இந்த வழியே பாமரனுக்கும் கடலடியைப் புரியவைத்தது! இதை நம்பாத ழாக் கூஸ்டோ, கேமராவைக் கடலடிக்கு இறக்கிப் படம் பிடித்தார். பள்ளத்தாக்கு அங்கே இருந்தது. 1959ல் நியூயார்க் மாநாட்டில் அந்தப் படத்தை அவரே திரையிட்டார். அறுபதுகளில் நிலத்தட்டுக் கொள்கை நிலைபெற இந்த வரைபடமும் ஒரு முக்கியக் காரணம்.

தார்ப் ஆய்வுக் கப்பலில் முதன்முதலாகக் கால் வைத்தது 1968ல்தான். 1977ல் ஐஸ்லாந்து அருகே நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தபோது ஹீசன் இறந்தார். இருவரும் உழைத்த உலகக் கடலடி வரைபடம், ஹைன்ரிக் பெரானின் ஓவியமாக அதே வருடம் முழுமையடைந்தது. ஆரம்பகாலக் கட்டுரைகள் பலவற்றில் தார்ப்பின் பெயரே இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவரைக் கௌரவித்தது 1997ல். அப்போது அவருக்கு வயது 77. 2006ல் அவர் மறைந்தார்.

வேலை இன்னும் முடியவில்லை. 2030க்குள் கடலடி முழுவதையும் வரைந்துவிட வேண்டும் என்று 'சீபெட் 2030' என்ற உலகத் திட்டம் நடக்கிறது. 2024 கணக்குப்படி நவீனத் துல்லியத்தில் அளந்து முடிந்தது சுமார் 26 சதவீதம் மட்டுமே. மீதியில் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ! அதை முதலில் பார்க்கப்போகிறவர் சொல்வதையாவது உலகம் உடனே காது கொடுத்துக் கேட்குமா?