நாற்பது பிட் பூட்டு

உங்கள் மேசைக் கணிப்பொறியிலிருந்து நூறு மைலுக்கு அப்பாலுள்ள மற்றொரு கணிப்பொறியுடன் தொடர்பு கொள்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். உங்கள் கடவுச்சொல் வழியில் எத்தனையோ இயந்திரங்களைக் கடந்து செல்ல வேண்டும். ஆகவே அது சங்கேதமாக மாற்றப்பட்டே அனுப்பப்படுகிறது. எந்தச் சங்கேத முறையில்? தொடக்கத்திலேயே உங்கள் கணிப்பொறி தனக்குத் தெரிந்த முறைகளின் பட்டியலை நீட்டும்; எதிர்முனை அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பட்டியலில் நெடுங்காலம் பதுங்கியிருந்த சில வலுவற்ற முறைகளின் கதை விசித்திரமானது.

1990-களின் முற்பகுதியில் அமெரிக்கச் சட்டம் வலிமையான சங்கேதக் கருவிகளைப் போர்த் தளவாடங்களோடு சேர்த்து வைத்திருந்தது. பீரங்கிக்கும் கணிதச் சூத்திரத்துக்கும் ஒரே விதி! எனவே நெட்ஸ்கேப் நிறுவனம் தன் மென்பொருளை இரு வகையாக வெளியிட்டது. உள்நாட்டாருக்கு 128 பிட் சாவி. வெளிநாட்டாருக்கு 40 பிட் சாவி.

40 பிட் என்றால் எவ்வளவு? ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. இரண்டை நாற்பது முறை பெருக்கினால் சுமார் 1,10,000 கோடி சாவிகள் கிடைக்கும். மனிதனுக்கு இது மலைப்பு, கணிப்பொறிக்கு அப்படியல்ல. 1995 ஆகஸ்டில் பிரான்சில் தாமியன் தொலிழே என்பவர் சுமார் 120 கணிப்பொறிகளையும் ஓரிரு இணை இயக்கக் கணிப்பொறிகளையும் கொண்டு எட்டே நாளில் அத்தகைய சாவி ஒன்றைக் கண்டுபிடித்தார். 1997 ஜனவரியில், ஒரு போட்டிக்காக, பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இயன் கோல்ட்பர்க்குக்குச் சுமார் 250 இயந்திரங்களுடன் மூன்றரை மணி நேரமே தேவைப்பட்டது. ஒரு பிட் கூடினால் வேலை இரட்டிப்பாகும். அதே இயந்திரங்கள் 128 பிட் சாவியைத் தேடினால், பிரபஞ்சத்தின் வயதைப் போல் பல இலட்சம் கோடி மடங்கு காலம் ஆகும்!

2000-இல் ஏற்றுமதித் தடை பெருமளவு தளர்ந்தது. ஆனால் பழைய முறைகளைப் பட்டியலிலிருந்து பலர் நீக்கவில்லை. என்றோ ஒரு நாள் பழைய இயந்திரம் ஒன்று வந்து தொடர்பு கேட்டால் பாவம், அது திரும்பிப் போகக் கூடாதே என்ற தயவுதான் காரணம். ஆபத்தும் அந்தத் தயவில்தான் இருந்தது.

2015 மார்ச்சில் பிரான்சின் இன்ரியா ஆய்வுக்கூடத்தினரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவினரும் அதை அம்பலப்படுத்தினர். இதற்கு ‘ஃப்ரீக்’ என்று பெயர். பழைய ஏற்றுமதி முறையில், இரகசியச் சாவியைப் பரிமாற உதவும் பொதுச் சாவியும் 512 பிட்டுக்குள் அடக்கப்பட்டிருந்தது. அது இரு பகா எண்களின் பெருக்குத்தொகை. அவற்றைப் பிரித்துவிட்டால் பூட்டு திறந்துவிடும். 1999-இல் இந்த அளவு எண்ணைப் பிரிக்கப் பல மாதங்கள் ஆயின. 2015-இல் வாடகைக் கணிப்பொறிகளில் சுமார் 100 டாலர் செலவில் சில மணி நேரம் போதும். இடைமறிப்பவர் உங்கள் பட்டியலை மாற்றி ஏற்றுமதி முறையைக் கேட்பார். எதிர்முனை மறுக்காமல் வலுவற்ற சாவியைத் தரும். உங்கள் மென்பொருளும், ஒரு பிழையின் காரணமாக, தான் கேட்காத அந்தச் சாவியை ஏற்றுக்கொள்ளும். இரு முனைகளுக்கும் வலிமையான முறை தெரிந்திருந்தும் பயனில்லை, பார்த்தீர்களா?

பரிகாரம் எளிது: பிழையைத் திருத்தி, அம்முறைகளையும் இரு முனைகளிலும் அணைத்துவிட வேண்டும். விண்டோஸின் பதிவேட்டில் சங்கேத முறை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே 0 என்று குறித்தால் அம்முறை நின்றுவிடும். ஏதோ ஓர் அலுவலகத்தின் பழைய இயந்திரம் அதோடு தொடர்பிழக்கலாம். அந்த இழப்பைத் தாங்குவதே மேல் என்பது என் கருத்து. 2018 ஆகஸ்டில் வெளியான டி.எல்.எஸ். 1.3 என்னும் தர விதி இந்தத் தொல்லையையே வைக்கவில்லை. பழைய முறைகளை அடியோடு விட்டுவிட்டு, அது வரையறுத்த சங்கேதத் தொகுப்புகள் ஐந்தே ஐந்து.